தெற்குக்குப் போகும் பிரதி

அன்று நான் சொல்லாமல் விட்டது மூன்றே சொற்கள்: இது என் அண்ணன்.

1939 செப்டம்பர் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. ஹாலிவுட்டில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவின் படம் வெட்டும் அறை. மேற்பார்வையாளர் மிஸ் ஹாலோரன் ஒரு ரீலைக் கொண்டுவந்து, கொஞ்சம் இழுத்து, விளக்குக்கு எதிரே பிடித்தாள். அதில் நின்றிருந்த மனிதனைப் பென்சிலால் தட்டினாள்.

"இவன் பேசுறது முழுக்கப் போகணும் வெர்னா. தெற்குக்குப் போற பிரதிங்க இது. ஒட்டு தெரியக் கூடாது. அதனாலதான் உங்கிட்ட குடுக்கிறேன்."

நான் "சரி" என்றேன்.

அந்த வேலையில் நான் சேர்ந்ததும் ஒன்றைச் சொல்லாமல் விட்டதால்தான். நாங்கள் கறுப்பர்கள். ஆனால் எனக்கு அம்மாவின் வெளுத்த நிறம். விண்ணப்பத்தை நிரப்பிய எழுத்தர் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, கேட்காமலே 'வெள்ளை' என்று எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை. வெர்னா மேப்ரி அன்றிலிருந்து வெர்னா மார்ட்டின் ஆனாள். மிசிசிப்பியில், விக்ஸ்பர்க் ஊரில், நம் பிள்ளைகளுக்கான பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்த அப்பாவுக்கு, நான் அதே ஸ்டுடியோவின் உடைப் பிரிவில் தையல் வேலை பார்ப்பதாக எழுதியிருந்தேன். அண்ணன் லூஷியஸுக்கு மட்டும் உண்மை தெரியும். அவன் அங்கேதான் நடித்துக்கொண்டிருந்தான். அவன் வீடு என் அறையிலிருந்து ஆறு மைல். ஆனாலும் நாங்கள் தபாலில்தான் பேசிக்கொண்டோம். தெருவில் நாங்கள் இருவரும் நின்று பேசுவதை யாராவது பார்த்தால் என் வேலை அன்றே போய்விடும்.

அந்த வருடத்துக் கடிதங்களைத் தேதி வரிசையில் இங்கே வைக்கிறேன்.

*

சென்ட்ரல் அவென்யூ
மார்ச் 6, 1939

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

உன் தலைவலி எப்படி இருக்கிறது? நாள் முழுவதும் அந்தப் பசை நாற்றத்தில் உட்கார்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? ஜன்னல் பக்கமாக இடம் கேள். நான் நன்றாக இருக்கிறேன். ரொம்பவே நன்றாக.

வெள்ளிக்கிழமை உணவுக்கூட வாசலில் உன்னைக் கடந்து போனேன். நீ என்னைப் பார்க்காதது போல அருமையாகச் செய்தாய். நம் வீட்டில் நடிப்பு எனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த படம் 'மாடி அறையில் ஒரு பிணம்'. கொலையும் கும்மாளமுமாக வழக்கமான சரக்குதான். எனக்கு வழக்கமான வேலைக்காரன் வேஷம். பெயர் சூறாவளி. கதவைத் திறக்கப் போவதற்குள் அரை நாள் ஆகிவிடும், அதனால் அந்தப் பெயர். நீ இப்போது முகம் சுளிப்பது தெரிகிறது. பொறு. இயக்குநர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மொதல் மூணு காட்சியில நல்லா நடுங்கிக் குடுத்துரு லூஷியஸ். கடைசியில உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்" என்றார்.

அந்தக் கடைசிக் காட்சியைக் கேள். கொலைகாரன் வக்கீல். அதைக் கண்டுபிடிப்பவன் நான். சமையலறை அடுப்புச் சாம்பலில் கையுறைப் பொத்தான் ஒன்று எனக்குக் கிடைக்கிறது. எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது வக்கீலைப் பார்த்துச் சொல்கிறேன்: "நீங்க வந்த அன்னிக்கு இந்தக் கையுறையில நாலு பொத்தான் இருந்துச்சு சார். நான்தான் கழட்டி வாங்கி வச்சேன். என்னை யாரும் பாக்கறதில்லை. அதனால நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கேன்." நடுக்கம் கிடையாது. கண்ணை உருட்டுவது கிடையாது. நான்கு நிமிடம், வெர்னா!

துப்பறிவாளர் சீனராம். அந்த வேஷத்தில் நடிப்பவர் அயர்லாந்துக்காரர். கண் ஓரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ள அவருக்குத் தினமும் ஒரு மணி நேரம். சமையல்காரனாக வரும் வால்டர் குவாங்கை உனக்குச் சொல்லியிருக்கிறேனே, சாக்ரமென்டோவில் பிறந்தவர், சட்டம் படித்தவர். அவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "வலிக்குதா சார்? எனக்குப் பொறந்ததிலேர்ந்து வலிச்சதே இல்லையே" என்று கேட்டார். அவருக்குத் தப்புத் தப்பாகப் பேசச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரைப் போட்டிருக்கிறார்கள். "ஒழுங்கா பேச வைக்க எங்கம்மா படாத பாடு பட்டாங்க. இவர் ஒரே வாரத்துல மறக்க வச்சிருவாரு போல" என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடும்போது புத்தகம் படிக்காதே.

அன்பு அண்ணன்,
லூஷியஸ்

*

மார்ச் 13, 1939

அன்புள்ள அண்ணா,

தலைவலி பரவாயில்லை. ஜன்னலோரம் கிடைத்துவிட்டது. உன் தொண்டையைக் காப்பாற்றிக்கொள். நான்கு நிமிடம் பேச வேண்டியவன் நீ.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த வசனத்தை அறையில் சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன். வீட்டுக்காரம்மாள் கதவைத் தட்டி, "உள்ள யாரும்மா அந்த சார்?" என்று கேட்டாள். ஆண்களை உள்ளே விடக் கூடாது என்பது அவளுடைய சட்டம்.

இங்கே எனக்கும் ஒரு நல்ல பெயர் வந்திருக்கிறது. என் ஒட்டு யார் கண்ணுக்கும் தெரிவதில்லையாம். மற்றவர்கள் ஒட்டினால் திரையில் ஒரு சின்னத் துள்ளல் இருக்கும். பேசுகிறவர் எங்கே மூச்சு இழுக்கிறார் என்று பார்த்து, அந்த இடத்தில் கத்தரி வைப்பேன். அவ்வளவுதான் ரகசியம். என்றாவது நீ என் மேசைக்கு வந்தால் பயப்படாதே, உன் மூச்சு எனக்குப் பழக்கமானது.

வாசலில் அன்று நான் பார்த்தேன். உன் சட்டைக் காலர் கிழிந்திருந்தது.

உன் தங்கை,
வெர்னா

*

மே 9, 1939

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். புதுச் சட்டை வாங்கிவிட்டேன், போதுமா?

நேற்று அந்தக் காட்சியை எடுத்தார்கள். இரண்டாவது முறையிலேயே சரியாக வந்துவிட்டது. விளக்குக்காரர்கள் கைதட்டினார்கள். அவர்கள் யாருக்கும் கைதட்டுவதில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க வேண்டிய காட்சி அது. ஆனால் அவர்களை மதியம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் மட்டும் அடுப்புப் பக்கத்தில். அவர்கள் முகங்களைப் பிறகு தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள்வார்களாம். நான் பேசும் நேரம் முழுவதும் திரையில் வேறு ஒருவரின் தோள்பட்டைகூட வராது. பெரிய நட்சத்திரங்களுக்குத்தானே இப்படித் தனியாக எடுப்பார்கள்? எனக்கு எடுத்திருக்கிறார்கள்.

வால்டரிடம் சொன்னேன். அவர் வாழ்த்துச் சொல்லவில்லை. "கதவு சாத்துற சத்தத்துல ஆரம்பிச்சு, கதவு சாத்துற சத்தத்துல முடிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பொறாமை போலிருக்கிறது. பாவம், அவருக்கு இந்தப் படத்தில் மொத்தம் ஆறு சொல்.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். அப்பாவுக்கு நீ எழுது. மூன்று வருடமாக என் கடிதங்களுக்குப் பதில் இல்லை. பிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. உன் கடிதம் என்றால் படிப்பார். இந்த ஒரு படத்தை மட்டும் அவர் பார்க்க வேண்டும். வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

லூஷியஸ்

*

இந்தக் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். அவனைத் தனியாக எடுத்ததன் காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்படி எடுப்பதற்கு வெட்டும் அறையில் ஒரு பெயரே உண்டு: இழுப்பறை. நம்மவர்கள் பாடும் காட்சி, ஆடும் காட்சி, தலைநிமிர்ந்து பேசும் காட்சி எதுவானாலும் இரண்டு கதவுச் சத்தங்களுக்கு நடுவே, வெள்ளையர் யாரும் கூட நிற்காமல் எடுப்பார்கள். மிசிசிப்பி போன்ற தெற்கு மாநிலங்களில் தணிக்கைக்காரர்களோ தியேட்டர்காரர்களோ ஏற்கமாட்டார்கள் என்று தோன்றினால், மேசையிலிருந்து இழுப்பறையை உருவுவது போல அதை மட்டும் உருவிவிடலாம். கதை தடைப்படாமல் ஓடும்.

அண்ணன் அதைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டான். நான் அவனிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் உருவுவார்கள் என்றில்லை, ஒருவேளை இது தப்பிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அப்பாவுக்கு எழுதினேன்.

*

மே 21, 1939

அன்புள்ள அப்பாவுக்கு வெர்னா வணக்கத்துடன் எழுதுவது,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தேவாலயத்தில் மண்டியிடாமல் உட்கார்ந்தபடியே ஜெபம் செய்தால் கடவுள் கோபித்துக்கொள்ளமாட்டார். நீங்கள் அனுப்பிய ருஷ்யக் கதைகளை முடித்துவிட்டேன். தையல் வேலை நன்றாகப் போகிறது.

லூஷியஸ் ஒரு புதிய படத்தில் நடித்திருக்கிறான். இதில் அவன் நடுங்கவில்லை, அப்பா. அதாவது, கடைசியில் நடுங்கவில்லை. கொலைகாரனைக் கண்டுபிடித்து, எல்லார் முன்னாலும் நிமிர்ந்து நின்று சொல்கிறான்: 'என்னை யாரும் பாக்கறதில்லை. அதனால நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கேன்.' நீங்கள் வகுப்பில் பேசுவது போலவே பேசுகிறான். ஒரு கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு. இது நம் ஊருக்கு வரும்போது நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகள்,
வெர்னா

*

விக்ஸ்பர்க்
ஜூன் 4, 1939

அன்புள்ள வெர்னா,

கடவுள் அருளால் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் அது எனக்கு முன்னால் வானிலை சொல்கிறது. நீ தையல் வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அண்ணனுடைய படங்களை நான் பார்ப்பதில்லை என்பதற்குக் காரணம் உனக்கு முழுவதும் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் ஏழாம் வகுப்பில் லெட்டி என்ற பெண்ணிடம் ஒரு கணக்குக் கேட்டேன். அவளுக்கு விடை தெரியவில்லை. எழுந்து நின்று கண்களை உருட்டி, பற்களைக் கடகடவென்று அடித்துக்கொண்டு, முழங்காலை உதறிக் காட்டினாள். வகுப்பே சிரித்தது. "இது எங்கேயிருந்து கத்துக்கிட்ட?" என்று கேட்டேன். "உங்க பையன்கிட்டேயிருந்துதான் சார்" என்றாள். அவள் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தாள்.

அது தவிர, நம் ஊர்த் தியேட்டரில் நம்மவர்கள் சந்துப் பக்கத்துப் படிக்கட்டில் ஏறி மேல்மாடியில்தான் உட்கார வேண்டும் என்று உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு படிகள். அந்த வழியாக எங்கும் நுழைவதில்லை என்று உன் அம்மாவைக் கல்யாணம் செய்த வருடம் முடிவெடுத்தேன்.

ஆனால் அவன் என் மகன். ஒன்று மட்டும் எழுது. அவன் நிமிர்ந்து நின்று பேசுவதை நீ உன் கண்ணால் பார்த்தாயா? அவன் சொல்லக் கேட்டாயா? பார்த்ததாக நீ எழுதினால் நான் படியேறுகிறேன்.

அப்பா

*

ஜூன் 18, 1939

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

என் கண்ணால் பார்த்தேன். ஸ்டுடியோவில் போட்டுக் காட்டினார்கள். அவன் கண் ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை.

உங்கள் மகள்,
வெர்னா

*

இதில் எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. எடுத்த அன்றைய படச்சுருளை வெட்டும் அறையில் ஓட்டியபோது, கடைசி வரிசையில் நின்று பார்த்தேன்.

பிறகு செப்டம்பர் பன்னிரண்டு வந்தது. தெற்குக்கு இருபத்து மூன்று பிரதிகள். இருபத்து மூன்றிலும் நானே வெட்டினேன். மிஸ் ஹாலோரன் ஒரு பிரதியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒருத்தன் இருந்தான்னு சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டாங்க" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். வெட்டிய துண்டுகள் பீப்பாயில் போயின. வெள்ளிக்கிழமை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். பழைய படச்சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள்.

*

செப்டம்பர் 17, 1939

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? ஐரோப்பாவில் சண்டை தொடங்கியதைப் பற்றித்தான் இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். நம் ஊரில் மழை பலமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் முழங்காலை நினைத்தால் கவலையாக இருக்கிறது. அந்தப் படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. படத்துக்கு இப்போதே போக வேண்டும் என்று அவசரம் ஒன்றும் இல்லை. வசந்தத்தில் நான் ஊருக்கு வந்தபின் சேர்ந்தே போகலாம். சிறிய ஊர்களுக்கு வரும் பிரதிகள் தேய்ந்தும் கிழிந்தும் இருக்கும் என்று சொல்கிறார்கள். பொறுத்துப் பார்ப்பது நல்லது.

உங்கள் மகள்,
வெர்னா

*

விக்ஸ்பர்க்
அக்டோபர் 8, 1939

அன்புள்ள வெர்னா,

நலம். உன் கடிதம் கிழவனுக்கு எழுதியது போல இருந்தது. எனக்கு அறுபத்தொன்றுதான் ஆகிறது.

வசந்தம்வரை பொறுக்க முடியாது. படம் நவம்பர் முதல் வாரம் வருகிறது. நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். தனியாகப் போகப் போவதில்லை. ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை அழைத்துப் போகிறேன். லெட்டி இப்போது பத்தாம் வகுப்பு. அவளும் வருகிறாள், நானே வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் அறிவித்துவிட்டார். "நம்ம அகஸ்டஸ் மேப்ரி படம் பாக்கப் போறாருன்னா உலகம் முடியப் போகுது, எல்லாரும் பாவமன்னிப்புக் கேட்டுக்குங்க" என்றார். சபை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

நீ எழுதிய வசனத்தை எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். "என்னை யாரும் பாக்கறதில்லை. அதனால நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கேன்." பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிட்டார்கள். இடைவேளையில் ஒருவரையொருவர் வக்கீலாக்கி விரல் நீட்டுகிறார்கள்.

உன் கண்ணை நம்பித்தான் படியேறுகிறேன்.

அப்பா

*

இதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதத் தொடங்கிய தாள்கள் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் 'அன்புள்ள அப்பாவுக்கு' என்பதோடு நிற்கின்றன. போக வேண்டாம் என்று எழுதினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அதற்குச் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான் இருந்தது.

*

சென்ட்ரல் அவென்யூ
அக்டோபர் 30, 1939

தங்கச்சி,

நலமா? நீ ஏன் எழுதுவதே இல்லை? மறுபடி தலைவலியா?

சனிக்கிழமை நம் தெருத் தியேட்டரில் படம் வந்தது. கடைசிக் காட்சியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு கைதட்டல். பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்று, "சொல்லுப்பா, அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லு!" என்று கத்தினார். வெளியே வந்ததும் முடிதிருத்துகிறவர் காசு வாங்க மறுத்துவிட்டார். வால்டரும் வந்திருந்தார். இங்கே அந்தக் காட்சி இருப்பதைப் பார்த்து அவருக்கு ஏனோ ஆச்சரியம். "இந்த ஊர்ல இருக்கு" என்றார். என்ன பேச்சு அது?

அடுத்த வாரம் அப்பா பார்க்கிறார். நாற்பது பிள்ளைகளுடன் போகிறாராம், போதகரின் மனைவி எனக்கு எழுதியிருக்கிறார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உனக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

லூஷியஸ்

*

விக்ஸ்பர்க்
நவம்பர் 12, 1939

வெர்னா,

உடல் நலமாகவே இருக்கிறேன்.

படிகளில் நான்கு முறை நின்றேன். பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போகாமல் பின்னாலேயே நின்றார்கள்.

அவன் வந்தான். கதவைத் திறந்தான். நடுங்கினான். பிணத்தைப் பார்த்துவிட்டு மேசைக்குக் கீழே புகுந்தான். கீழே முன்வாசல் வழியாக வந்தவர்கள் சிரித்தார்கள். மேலே எங்கள் பிள்ளைகள் சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தார்கள். "பொறுங்க, இனிமேத்தான் இருக்கு" என்றேன். மூன்று முறை நடுங்கினான். மூன்று முறையும் அதையே சொன்னேன்.

பிறகு சமையலறை வந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாற்பது பிள்ளைகளும் முன்னால் சாய்ந்தார்கள். சீனர் வேஷம் போட்டவர் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வக்கீலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கணவனும் மனைவியும் முத்தமிட்டுக்கொண்டார்கள். விளக்கைப் போட்டார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். லெட்டி என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "சார், இனிமேத்தானா?" என்று கேட்டாள்.

ஏதாவது எடுக்கப்பட்டிருக்குமோ என்று மறுநாள் மறுபடி போனேன். தனியாக. கண்ணை எடுக்காமல் பார்த்தேன். ஓர் இடத்திலும் துள்ளல் இல்லை, வெட்டிய தடம் இல்லை. அப்படி ஒரு காட்சி இருந்திருக்கவே முடியாது.

நீ உன் கண்ணால் பார்த்ததாக எழுதினாய். இன்றுவரை நான் உன் எழுத்தைச் சந்தேகித்ததில்லை.

கரும்பலகையை அழித்துவிட்டேன்.

தையல் வேலையில் உடம்பைப் பார்த்துக்கொள்.

அ. மேப்ரி

*

சென்ட்ரல் அவென்யூ
டிசம்பர் 3, 1939

வெர்னாவுக்கு,

நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அப்பாவிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. பிரிப்பதற்கு முன்பு கைகழுவிக்கொண்டேன். ஒரே வரி: 'ஒரு படத்துக்காக உன் தங்கையையும் பொய் சொல்ல வைத்துவிட்டாய்.'

அதை எடுத்துக்கொண்டு வால்டரிடம் போனேன். அவர் என்னை உட்காரவைத்து, ஏன் என்னைத் தனியாக எடுத்தார்கள் என்று சொன்னார். அவருக்கும் நான்கு வருடத்துக்கு முன் அப்படி ஒன்று எடுத்தார்களாம். "நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. எனக்குச் சொல்ல வாய் வரல" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வெளியாள்.

உனக்கு என் மே மாதக் கடிதத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்துதான் அப்பாவுக்கு எழுதினாய்.

ஒரு துள்ளல்கூட இல்லையாம் என்று போதகரின் மனைவி எழுதியிருக்கிறார், அப்பா இரண்டாம் முறையும் போய்ப் பார்த்தாராம். அப்படி ஒட்டத் தெரிந்தவர் அந்த ஸ்டுடியோவில் யார் என்று எனக்கு நீயே பெருமையாக எழுதியிருக்கிறாய். ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கே வெட்டினாய்? நான் மூச்சு இழுத்த இடத்திலா?

அப்பாவுக்கு நான் மறுத்து எழுதவில்லை. மறுத்தால் நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று சொல்ல வேண்டிவரும். 'மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா, நான்தான் சொல்லச் சொன்னேன்' என்று எழுதிவிட்டேன். அவருக்கு நீ ஒருத்தியாவது இருக்கட்டும்.

உணவுக்கூட வாசலில் இனி நீ திரும்பிக்கொள்ள வேண்டியதில்லை. நான் பின்வழியாகப் போய்க்கொள்கிறேன்.

லூஷியஸ்

*

டிசம்பர் 10, 1939

அன்புள்ள அண்ணா,

இங்கே குளிர் வந்துவிட்டது. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

நீ கேட்டதற்குப் பதில்: மூச்சில் இல்லை. கதவுச் சத்தத்தில் வெட்டினேன். முதல் கதவு சாத்தும்போது தொடங்கி, இரண்டாவது கதவு சாத்தும்போது ஒட்டினேன். இரண்டும் ஒரே கதவுதான். அதனால் தெரியாது.

அப்பாவுக்கு நான் உண்மையை எழுதுகிறேன்.

உன் தங்கை,
வெர்னா

*

அப்பாவுக்கு நான் எழுதவில்லை. லூஷியஸ் எனக்கு அதன் பிறகு எழுதவில்லை.

அடுத்த மார்ச்சில் எனக்குத் தனி மேசையும் இரண்டு உதவியாளர்களும் கொடுத்தார்கள். அப்பா 1943-இல் காலமானார். அதுவரை மாதம் ஒரு கடிதம் எனக்கு எழுதினார், அதில் ஒருமுறையும் லூஷியஸின் பெயர் இல்லை. லூஷியஸ் இன்னும் பதினொரு படங்களில் நடித்தான். அவற்றில் ஆறு என் மேசைக்கு வந்தன. ஆறிலும் நன்றாக நடுங்கினான். தெற்குக்காக எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை.